டி டிரைவில் கிடந்த சாவி

செங்கொடிக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அப்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், சங்கத்தில் கொடி பிடித்தார். பிடித்து அவர் கண்டது முழங்கால் வலிதான். மகள் பத்தாவதோடு நின்றாள். வியாசர்பாடியிலிருந்து ரெண்டு பஸ் மாறி, எண்ணூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு வந்து எடைமேடை கேபினில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷம் ஆயிற்று. பதினோரு வருஷமும் கான்ட்ராக்ட். உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் படுத்தால் அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது.

யார்டு மேனேஜர் நீலமேகம், தீபாவளிக்குள் அவளைக் கம்பெனி ஆளாக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். வருஷா வருஷம் சொல்வதுதான். இந்த முறை ரெண்டு போட்டோவும் ஆதார் நகலும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதனால் நம்பினாள்.

வேலை பெரிய வேலை இல்லை. டிரெய்லர் மேடை ஏறும், எடை விழும், பட்டியலில் சேரும். அந்தப் பட்டியல் சரக்கு ஏஜென்ட் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வண்டிக்குக் கேட்டைத் தாண்டச் சீட்டு வரும். சீட்டு இல்லாத வண்டி ரோட்டிலேயே நிற்க வேண்டியதுதான். முன்பெல்லாம் மெயிலில் அனுப்பினார்கள். ஜூலை மாசம் ஏஜென்ட் முறையை மாற்றினான். அவனுடைய கம்ப்யூட்டர் லினக்ஸ். யார்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸ்.

ஹெட் ஆபீஸிலிருந்து ஃப்ரெடி வந்தார். கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓடுகிற ஒரு கறுப்பு ஜன்னலைப் போட்டு, அதில் அவள் பெயரில் ஓர் இடமும் ஒதுக்கிக் கொடுத்தார். அதில் ஒரு வரி தட்டினால் பட்டியல் போய்விடும். ஆனால் ஏஜென்ட் கம்ப்யூட்டர் கதவைத் திறக்க ஒரு சாவி வேண்டும். சாவி என்றால் இரும்பு இல்லை, ஒரு சின்ன ஃபைல். அதை ஃப்ரெடி டி டிரைவில் போட்டார்.

அந்த யார்டில் எல்லாமே டி டிரைவில்தான் கிடக்கும். வைரஸ் வந்தால் சி டிரைவைத் துடைத்துவிடுவார்கள், டி பிழைக்கும். எடைப் பட்டியல், லோடுமேன் வருகை, நீலமேகத்தின் பெண் கல்யாண போட்டோ எல்லாம் அங்கேதான்.

"நீ டெஸ்ட் பண்ணி காட்டு சார்," என்றாள் செங்கொடி.

"என் லேப்டாப்ல போச்சும்மா. இங்கயும் போவும்," என்று பைக்கை எடுத்தார் ஃப்ரெடி.

போகவில்லை. சாவியை யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி திறந்து போட்டிருக்கிறாய், இந்தச் சாவியை நான் வாங்க மாட்டேன் என்று கறுப்பு ஜன்னல் இங்கிலீஷில் திட்டியது. பதினொரு மணிக்குள் ரோட்டில் பதினாலு டிரெய்லர். வெயில் மண்டையைப் பிளந்தது. மணலிப் பக்கத்து ஆலை நாற்றம் வேறு.

"யக்கா! சீட்டு குடுக்கிறியா, இல்ல இங்கயே குந்திகினு சோறாக்கவா?" என்று ஒரு டிரைவர் ஜன்னலைத் தட்டினான்.

"ஆக்கு. எனுக்கும் ஒரு பிளேட் எடுத்து வை."

ஃப்ரெடிக்குப் போன் போட்டாள். சிஎச்மாட் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அறுநூறு என்று சேர்த்துத் தட்டு, உரியவன் தவிர வேறு யாரும் அந்த ஃபைலைப் படிக்க முடியாது என்றார். தட்டினாள். ஜன்னல் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒப்புக்கொண்டது போலவே அடுத்த வரிக்குப் போனது. பட்டியலை அனுப்பிப் பார்த்தால் பழைய திட்டு. நாலு தடவை தட்டினாள், நாலு தடவையும் அதே.

நீலமேகம் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "இன்னா செங்கொடி, இதுகூட தெரியலயா? உன்ன கம்பெனி ஆளாக்கணும்னு நான் மேல எழுதிக்கினு கீறேன். என் மூஞ்சில கரிய பூசிடாத. நாலு மணிக்குள்ள லிஸ்டு போவணும். நீ இன்னா பண்ணுவியோ எனுக்குத் தெரியாது."

அவர் போனதும் அவள் மூளை வேலை செய்தது. டி டிரைவில் ஒரு வெற்று ஃபைல் உண்டாக்கினாள். லினக்ஸுக்குள்ளேயே அவள் பெயரில் இருந்த இடத்தில் இன்னொன்று உண்டாக்கினாள். ரெண்டுக்கும் அதே அறுநூறு பூட்டைப் போட்டாள். லினக்ஸில் இருந்தது பூட்டிக்கொண்டது. டி டிரைவில் இருந்தது திறந்த வாயோடு அப்படியே கிடந்தது. டி டிரைவ் விண்டோஸின் சொத்து, அங்கே லினக்ஸ் பூட்டு செல்லாது. படித்தவன் யாரும் இதை அவளுக்குச் சொல்லவில்லை. சாவியை லினக்ஸில் தன் பெயரில் இருந்த இடத்துக்கு நகல் எடுத்தாள். அறுநூறு போட்டாள். மூன்று பத்துக்குப் பட்டியல் போயிற்று.

"பரவாயில்லயே," என்றார் நீலமேகம். எப்படி என்று கேட்கவில்லை.

மூன்று மாசம் ஒரு வண்டி நிற்கவில்லை. அக்டோபரில் ஃப்ரெடி சோதனைக்கு வந்தார். கறுப்பு ஜன்னலைத் திறந்தார், துழாவினார், நிமிர்ந்தார்.

"சாவி உன் பேர்ல எப்டி வந்துச்சு?"

செங்கொடி சொன்னாள். ரெண்டு வெற்று ஃபைலைச் சொன்னாள், டி டிரைவ் பூட்டிக்கொள்ளாததைச் சொன்னாள். ஆசையாகச் சொன்னாள். பதினோரு வருஷத்தில் அவளிடம் யாரும் எப்படி என்று கேட்டதில்லையே.

கேட்கக் கேட்க ஃப்ரெடியின் முகம் சுருங்கியது. டி டிரைவில், வருகிறவன் போகிறவன் எல்லாம் எடுத்துக்கொள்ளும்படி, மூன்று மாசம் ஏஜென்ட் சாவியைப் போட்டு வைத்தது யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. ரிப்போர்ட்டில் ஒரே வரி எழுதினார்: அனுமதி இல்லாமல் கம்பெனிச் சாவியைத் தன் பெயரில் நகல் எடுத்து வைத்திருந்தாள்.

"சார், நீங்கதான சார் இன்னா பண்ணுவியோன்னு சொன்னீங்கோ," என்றாள் நீலமேகத்திடம்.

"அனுப்பச் சொன்னேன். திருடச் சொன்னனா?"

மேஜைமேல் கவரில் அவள் போட்டோ ரெண்டும் இருந்தன. எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார். "வச்சிக்க. வேற எங்கயாவது ஒதவும்."

அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள், லினக்ஸில் அவள் பெயரையும் அழித்தார்கள். பெயரோடு சேர்ந்து பூட்டிய சாவியும் போயிற்று. மறுநாள் காலை பட்டியல் நின்றது. அவள் சொன்னதில் தன் தப்பைத் தவிர வேறெதையும் காதில் வாங்காத ஃப்ரெடி வந்து டி டிரைவுச் சாவிக்கே அறுநூறு போட்டார். பத்து தடவை போட்டார். பத்தரைக்கு ரோட்டில் பதினெட்டு டிரெய்லர். பதினொன்றுக்கு நீலமேகம் போன் பண்ணினார்.

"வாம்மா செங்கொடி. மனசுல எதும் வெச்சிக்காத. கம்பெனி ஆளாக்குற லெட்டர் விஷயமா பேசிக்கலாம்."

ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினாள். கேட்டில் செக்யூரிட்டி பாரி கையை நீட்டி மறித்தான். அவள் சோற்றில் தினமும் பாதி தின்றவன்.

"உன்ன உள்ள வுடக்கூடாதுன்னு ஆர்டருக்கா. வேல பூடும் எனுக்கு."

"சார்தான்டா கூப்ட்டாரு."

பாரி உள்ளே கேட்டான். உள்ளே விடாதே, போனிலேயே சொல்லச் சொல் என்று பதில் வந்தது. வேகாத வெயிலில் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வரி வரியாகச் சொன்னாள். எங்கே இடைவெளி, எங்கே கோடு, எங்கே அறுநூறு. ஃப்ரெடி தட்டுகிற சத்தம் போனில் கேட்டது.

"யார் பேர்ல நகல் எடுக்கிறீங்கோ சார்?" என்று நடுவில் கேட்டாள்.

"என் பேர்லதான். பின்ன?" என்றார் ஃப்ரெடி.

போயிற்று. உள்ளே யாரோ கை தட்டினார்கள்.

"சார், அந்த லெட்டரு..." என்றாள்.

"ரெண்டு நாள் போவட்டும், போன் பண்ணு," என்றது நீலமேகத்தின் குரல். இணைப்பு அறுந்தது. உடனே திரும்பக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

முதல் டிரெய்லர் சீட்டோடு ஹாரன் அடித்துக்கொண்டு கேட்டை நோக்கி வந்தது. அவள் கம்பியை விடவில்லை.

"யக்கா," என்றான் பாரி, அவள் முகத்தைப் பார்க்காமல். "ஓரம் போக்கா. வண்டி வருது."