ஐந்து நாட்டு விலையில் ஒரு பேனா

துவாக்குடியில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றின் கொள்முதல் பிரிவில் அமலராணி முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தார். இரும்புத் தகடோ, பேக்கிங் பெட்டியோ, கேன்டீனுக்கு வேண்டிய பருப்போ, எது வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு, வரி, வண்டி வாடகை, தவணை எல்லாம் சேர்த்து ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு ஒப்பீட்டுப் பட்டியல் என்று பேர். அந்தத் தாளைப் போடுவதுதான் அவர் வேலை. எதை வாங்குவது என்று முடிவு செய்கிறவர்கள் மாடியில் இருந்தார்கள்.

போன வருஷம் மே மாதம் பணி ஓய்வு வந்தது. சால்வை போட்டு, குத்துவிளக்கு கொடுத்து அனுப்பினார்கள். கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷி. திருச்சி மன்னார்புரத்தில் சொந்த வீடு. தங்கச்சி மகள் பிரான்சி பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராக இருந்ததால் பெரியம்மாவோடு தங்கியிருந்தாள். ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம், ஒரு சனிக்கிழமை காலை, பிரான்சி காபியோடு வந்தபோது பெரியம்மா கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஆறு கட்டம் போட்ட பட்டியல்.

"என்ன பெரியம்மா, ஆபீஸ்ல இருந்து இன்னும் வேலை அனுப்புறாங்களா?"

"இல்லம்மா. பேனா ஒண்ணு வாங்கணும்."

பிரான்சி குனிந்து பார்த்தாள். சென்னை என்று எழுதியிருந்த கட்டத்துக்குக் கீழே எழுபத்து நாலாயிரம் என்று இருந்தது. சைபர் ஒன்று கூடிப்போச்சோ என்று நினைத்தாள்.

"எழுபத்து நாலாயிரமா? ஒரு பேனாவுக்கா?"

"அது சென்னை விலை. அதான் மத்த ஊர்லயும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் அமலராணி.

அந்தப் பேனாவை அவர் ஒரே ஒரு தடவை தொட்டிருக்கிறார். தொண்ணூற்று ஒன்பதில் ஜெர்மனியிலிருந்து மெஷின் விற்க வந்த ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேவைப்பட்டது. பக்கத்தில் ஃபைலோடு நின்ற அமலராணியிடம் அவர் தன் பேனாவையே நீட்டினார். கறுப்பு உடல், தங்க நிப். பேர் எழுத ஐந்து விநாடி ஆகியிருக்கும். பேனா தானாக ஓடியது மாதிரி இருந்தது. அன்றைக்கே அந்தப் பேனாக் கம்பெனியின் பேரைப் பார்த்து வைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தார்.

ஜூன் முழுக்க விலை கேட்டார். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்க் கடை, லண்டனில் ஒன்று, நியூயார்க்கில் ஒன்று, ஜப்பானில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று. எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கடிதம். தங்களின் குறைந்தபட்ச விலையைத் தெரிவிக்கவும்; அனுப்பும் செலவைத் தனியாகக் காட்டவும்; உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று குறிப்பிடவும். நியூயார்க்காரர்கள் பதிலே போடவில்லை. ஜெர்மன் கடைக்காரப் பெண்மணி மறுநாளே எழுதினார்: விலை அறுநூற்று இருபது யூரோ, வெளிநாட்டுக்கு அனுப்பினால் எங்கள் ஊர் வரி கழிந்து ஐந்நூற்று இருபத்தொன்று. ஜப்பான் கடை இன்னும் மலிவு.

"அப்ப ஜப்பான்லயே வாங்கிடுங்க" என்றாள் பிரான்சி.

"அவசரப்படாதே. இது கடை வாசல் விலை. நம்ம வீட்டு வாசல் விலை வேற."

அது உண்மையாகத்தான் இருந்தது. தபால் செலவு, கார்டுக்காரன் பிடிக்கிற நாணய மாற்றுக் கட்டணம், இங்கே வந்து இறங்கினால் சுங்கத் தீர்வை, அதன் மேல் வரி, கூரியர்காரனின் கையாளும் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கூட்டக் கூட்ட, நாற்பத்தைந்தாயிரத்தில் ஆரம்பித்த ஜப்பான் பேனா சென்னையைத் தாண்டிப் போய் நின்றது. ஜெர்மனி எண்பதாயிரத்தைத் தாண்டியது. நாலு நாளாகக் கூட்டியதை அமலராணி மறுபடி ஒரு தடவை கூட்டினார். தப்பில்லை. இன்னொரு இணையக் கடைக்காரன், பெட்டி மேல் அன்பளிப்பு என்று எழுதி விலையைப் பத்தில் ஒரு பங்காகக் காட்டி அனுப்புகிறேன், தீர்வையே வராது என்று தானாக எழுதினான். அந்தக் கட்டத்தில் விலை போடாமல் 'தகுதியில்லை' என்று மட்டும் அடித்து மூடினார்.

வையம்பட்டியிலிருந்து தங்கச்சி ஃபோன் பண்ணினாள். பிரான்சி சொல்லியிருக்கிறாள்.

"ஏங்கா, அந்தக் காசுக்கு ஒரு பவுன்ல ஏதாவது எடுத்துப் போட்டுக்கலாம்ல?"

"போட்டுக்கிட்டு எங்க போகப் போறேன்?"

"பேனாவை வச்சிக்கிட்டு மட்டும் எங்க போகப் போற?"

அமலராணி அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டுப் பேச்சை மாற்றினார்.

விலை விசாரித்தாயிற்று, நிப் எந்த அளவு என்று தெரியவில்லை. மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று மூன்று இருந்தது. ஐந்து விநாடியில் எழுதியது எது என்று யார் கண்டது? கம்பெனிப் பத்திரங்களுக்குச் சான்றொப்பம் போடுகிற நோட்டரி வக்கீல் பராங்குசம் ஸ்ரீரங்கத்தில் இருந்தார். நாற்பத்தைந்து வயசு. அவர் சட்டைப்பையில் அதே மாதிரிப் பேனாவைப் பார்த்த ஞாபகம். ஃபோன் செய்துவிட்டு, ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிப் போனார். பாலத்தில் போகும்போது காவிரியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது.

கீழச் சித்திரை வீதியில் வீட்டு முன்னறையே ஆபீஸ். பராங்குசம் மூன்று பேனாக்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

"பேனா வாங்கப் போறேள்னு சொன்னதும் நேக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா மேடம்? ஆத்துல இதைப் பத்தி ஒருத்தரும் காது கொடுத்துக் கேக்க மாட்டா. எழுதிப் பாருங்கோ. அவசரமே இல்லை."

ஒரு தாளைத் தள்ளினார். அமலராணி தடித்த நிப்பை எடுத்தார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பேனா தாளுக்கு மேலே கொஞ்ச நேரம் சும்மா நின்றது. கடைசியில் 'ஆறு அங்குல கேட் வால்வு, பன்னிரண்டு எண்ணம்' என்று எழுதினார். மை தாராளமாக இறங்கியது. அவருடையது பொடி எழுத்து. சுழிகள் அடைபட்டு, 'கே' எது 'வா' எது என்று தெரியாமல் போயிற்று. நடுத்தரமும் அப்படித்தான். மெல்லியது மட்டும் எழுத்தை எழுத்தாக விட்டது. ஆனால் லேசாகத் தாளைக் கீறிக்கொண்டு போனது. தானாக ஓடவில்லை. தள்ளித்தான் எழுத வேண்டியிருந்தது.

அவர் நினைத்து வந்தது இது இல்லை. வேண்டாம் என்று எழுந்து போய்விடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. வக்கீல் ஒரு கட்சிக்காரரின் பத்திரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அமலராணி பக்கத்தைத் திருப்பி, ஞாபகத்தில் இருந்த வால்வுகளை எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டே போனார். அரைப் பக்கம் தாண்டியதும் கை பேனாவுக்குப் பழகியது. எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவு அழுத்தினால் கீறல் நின்றுவிட்டது. நிமிர்ந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"மெல்லிசுதான் சார்" என்றார்.

"பேஷ். எங்க வாங்கப் போறேள்?"

அமலராணி பையிலிருந்து பட்டியலை எடுத்து நீட்டினார். பராங்குசம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "நான் சென்னையில கேட்ட விலையைக் கொடுத்துட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதன் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

கடைசியில் சிங்கப்பூர்தான் தேறியது. பிரான்சியின் அண்ணன் ஜோஸ்வின் அங்கே கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் இன்ஜினியர். கிறிஸ்துமஸுக்கு வருவான். கடை விலை, நம் காசில் நாற்பத்தைந்தாயிரத்து முந்நூற்று அறுபது. பயணியோடு கூட வரும் பெட்டியில் ஐம்பதாயிரம் வரைக்கும் சாமானுக்குத் தீர்வை இல்லை என்பது அப்போதைய விதி. ஆனால் அமலராணி வழக்கம்போல் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"ஜோஸ்வின், வேற என்னப்பா எடுத்துக்கிட்டு வர்ற?"

"அப்பாவுக்கு வாட்ச், அம்மாவுக்கு ஒரு டேப்லெட், கொஞ்சம் சென்ட். ஏன் பெரியம்மா?"

"எவ்வளவு ஆச்சு?"

"எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரம் இருக்கும்."

"அப்ப இருபத்தோராயிரத்து முந்நூத்து அறுபது மேல போகுது. அதுக்குத் தீர்வை கட்டணும்."

ஜோஸ்வின் சிரித்தான். "பெரியம்மா, பேனா! சட்டைப்பையில சொருகிட்டு வந்துடுவேன். யாரு கேக்கப் போறா?"

"கேட்டா என்ன, கேக்காட்டி என்ன? சொல்லிட்டு வர்றதா இருந்தா வாங்கு. இல்லாட்டி வேணாம். நான் மெட்ராஸ்லயே வாங்கிக்கிறேன்."

"சரி பெரியம்மா" என்றான்.

எவ்வளவு தீர்வை வரும் என்று கணக்குப் போட்டு, எந்த விதிப்படி என்பதையும் எழுதி, ஒரு பக்கத் தாளாக அவனுக்கு அனுப்பினார். எட்டாயிரத்து இருநூற்று இருபத்து நாலு ரூபாய். பேனாவால்தானே வரம்பு தாண்டியது, முழுத் தீர்வையும் என்னுடையது என்று சொல்லி, பேனாக் காசோடு அதையும் சேர்த்து முன்கூட்டியே அனுப்பிவிட்டார்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி காலை பத்தரைக்கு விமானம். அமலராணியும் பிரான்சியும் திருச்சி ஏர்போர்ட் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிங்கப்பூர்க் கூட்டம் தள்ளுவண்டியில் டிவி பெட்டியும் போர்வை மூட்டையுமாக வெளியே வந்து, கட்டிக்கொண்டு, அழுது, காரில் ஏறிப் போனது. பதினொன்றரை ஆயிற்று. ஜோஸ்வின் வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை.

"புடிச்சு வச்சிட்டாங்களா பெரியம்மா?"

"தப்பு பண்ணாதவன எதுக்குப் புடிக்கிறாங்க" என்றார் அமலராணி. ஆனால் கம்பியை விட்டுவிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு பேனாவுக்காகப் பிள்ளையை மாட்டிவிட்டோமோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. சென்னை விலைக்கும் இதற்கும் வித்தியாசம் இருபதாயிரம். அந்த இருபதாயிரத்தை நினைத்துக்கொண்டு நின்றார். அது ரொம்பச் சின்னத் தொகையாகப் பட்டது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவன் வந்தான். கண்ணெல்லாம் தூக்கக் கலக்கம். ஆனால் சிரித்துக்கொண்டே வந்தான்.

"பெரியம்மா, எங்கிட்ட இது இருக்கு, தீர்வை கட்டணும்னு நானா போய்ச் சொன்னேன். தங்கமான்னுதான் முதல்ல கேட்டாங்க. பேனா சார்னேன். அந்த ஆபீசர் என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க! அப்புறம் கழட்டச் சொன்னாரு. மூடி, நிப்பு, மை உறிஞ்சுற குழாய், எல்லாத்தையும் தனித்தனியா மேஜையில வச்சாங்க. இது தங்கம் தானேன்னாரு. ஆமா சார், நிப்பு மட்டும்னேன். ஒரு குந்துமணிகூட இருக்காது, அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு."

"கணக்கு?"

"உங்க தாளக் குடுத்தேன். அவங்களும் போட்டுப் பாத்தாங்க. அதே எட்டாயிரத்து இருநூத்து இருபத்து நாலு. இது யாரு போட்டதுன்னு கேட்டாரு. எங்க பெரியம்மான்னேன். அவங்களும் கஸ்டம்ஸ் டிபார்ட்மென்ட்டான்னு கேட்டாரு."

அமலராணி ரசீதைக் கையில் வாங்கி, தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாப் பெட்டியை வாங்கினார். வாசலில் வைத்துத் திறக்கவில்லை. "பசிக்குதாடா?" என்று கேட்டார். மூன்று பேரும் புதுக்கோட்டை ரோட்டில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டார்கள். ஜோஸ்வின் இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பேனா வந்த பிறகு பெரிய மாற்றம் ஒன்றும் நடந்துவிடவில்லை. கடையில் கிடைக்கிற நோட்டுத் தாளில் மை ஊறிப் பின்பக்கம் தெரிந்தது. நாலு கடை ஏறி இறங்கி நல்ல தாள் பிடித்தார். ஒரு நாள் மூடி போட மறந்து நிப் காய்ந்துபோனது. மாதத்துக்கு ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும் என்று தெரிந்துகொண்டார். காலை ஜெபம் முடிந்ததும் அரை மணி நேரம் எழுத உட்காருவது வழக்கமாயிற்று. முதலில் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து எழுதினார். பிறகு வேலை பார்த்த காலத்தில் நடந்தவற்றை, யார் யார் எந்த மேஜையில் இருந்தார்கள் என்பதை. தங்கச்சி ஒரு தடவை வந்து பார்த்து, "இதுக்காக்கா?" என்றாள். பிறகு தானும் ஒரு வரி எழுதிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று ஒத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஜோஸ்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு பக்கம். ஊர்ச் சமாசாரம், பிரான்சிக்கு வந்த வரன், ஏர்போர்ட் வாசலில் தான் பயந்துபோனது, எல்லாம். தலைமைத் தபால் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பதினொரு நாள் ஆயிற்று போய்ச் சேர. அன்று மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது.

"பெரியம்மா, உங்க கையெழுத்து எப்படி இருக்கும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அமலராணி அதைப் படித்தார். பிரான்சி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அன்று பேனா கழுவுகிற நாள். அடுப்பில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார்.