கழுவாத தொட்டி

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரின் மீன்தொட்டி, பழவங்காடியில் பழைய சாமான் கடைக்கு வந்திருந்தது. இரும்புச் சட்டமிட்ட கண்ணாடி. ஒரு மூலையில் ஒழுகியது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், காலேஜில் விலங்கியல் வரை வந்தவன் நான். தொட்டியை வாங்கி, ஒழுக்கை அடைத்து, மணல் பரப்பி, குழாய்த் தண்ணீரில் கெண்டைக்குஞ்சுகளை விட்டேன்.

நாங்கள் சைவம்.

"என்ன பிள்ளைவாள், வீட்டுல மீன் வாங்கியாச்சாமே! இன்னைக்குக் கொளம்பா, பொரியலா?" என்றார் அடுத்த வீட்டுக்காரர். அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று.

மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. காரணம் அம்மா. முந்தின நாள் தண்ணீர் எங்கள் வீட்டுக் குடத்தில் தங்காது. விடிந்ததும் கொட்டிக் கழுவிப் புதிதாகப் பிடிப்பாள். தொட்டிக்கும் அதே உபசாரம். மணலைக்கூட அரிசிபோலக் களைந்து போட்டிருந்தாள்.

"அதுகளும் உயிருல்லா மக்கா? பழந்தண்ணியிலயா கெடக்கணும்?"

காலேஜ் தொட்டியில் யாரும் தண்ணீர் மாற்றுவதில்லை; மீனும் சாவதில்லை. அங்கிருந்து ஒரு பிடி மணலும் பாசியும் கொண்டுவந்து போட்டு, "இனி தொடாதம்மா" என்றேன். மிஞ்சியது இரண்டே மீன்.

"இன்னும் ஒண்ணு செத்துதுன்னா தொட்டி தெருவுல கெடக்கும், கேட்டியா" என்றார் அப்பா.

தண்ணீர் கழுநீராய்க் கலங்கியது. கொஞ்சம் காலேஜுக்கு எடுத்துப்போய் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அந்தத் துளிக்குள் ஒரு திருவிழா! செருப்பு வடிவில், மணி வடிவில், உருண்டும் சுழன்றும் நுண்ணுயிர்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

ஓட்டமும் நடையுமாய் வீட்டுக்கு வந்தால், அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியைத் தூக்கப் போகிறார்.

"இன்னும் ஒண்ணு சாகட்டும்னு காத்து நிக்கணுமா? நாத்தம் சகிக்கல!"

கண்டதையெல்லாம் மூச்சிரைக்கச் சொன்னேன். அம்மா வாயில் கைவைத்தாள்.

"ஒரு சொட்டுலயா? இத்தனையும் உயிரா?" பிறகு அப்பாவைப் பார்த்து, "அத்தனையையும் எங்க கொண்டு கொட்டப் போறிய? விடுங்கோ அத."

அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

சில நாட்களில், யாரும் கைவைக்காமலே தண்ணீர் தெளிந்தது. ஆகாயம்போல் அப்படியொரு தெளிவு. இரண்டு மீன்களும் பாசிக்கிடையில் நீந்திக்கொண்டிருந்தன. அம்மா அடுப்பை மறந்து எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப அதுக எங்க மக்கா?"

"அங்கதாம்மா, மணல்ல, பாசியில, அழுக்கத் தின்னுக்கிட்டுக் கெடக்கு. கண்ணுக்குத் தெரியாது."

கண்ணாடியில் மூச்சுப் பட்டுவிடாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அவள் இன்னும் குனிந்து பார்த்தாள்.