மண் என்கிற சக்களத்தி

ஃபிளாஸ்க்கிலிருந்து ஊற்றும் தேநீரில் முதல் மிடறை என் கணவர் குடிப்பதில்லை. கப்பைச் சரித்து மண்ணில் ஊற்றுகிறார். அது உள்ளே இறங்கும்வரை பார்த்து நின்றுவிட்டு, மிச்சத்தைத்தான் தான் குடிக்கிறார். இஞ்சி தட்டிப் போட்டு நான் வார்த்துக் கொடுத்த தேநீர் அது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் கையால் வாங்கியதை அவர் வேறு யாருக்கும் முதலில் கொடுத்ததில்லை.

ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய ஹவுன்ஸ்லோவில் நகரக் கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. அலொட்மென்ட் என்பார்கள். விமான நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவருக்கு அதுவே கதி. பக்கத்துத் துண்டு ஹெலனுடையது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள், எங்கள் வயதுதான், புருஷனை இழந்தவள். தன்னைப் பேகன் என்று சொல்லிக்கொள்வாள். கிறிஸ்தவம் வருவதற்கு முன் இந்த நாட்டில் மண்ணையும் மரத்தையும் கும்பிட்டவர்களின் வழி அது என்று இவர் எனக்கு விளங்கப்படுத்தினார். கடும் குளிரிலும் ஹெலன் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வடக்குப் பார்த்து நிற்பாள். வடக்குத்தான் மண்ணின் திசையாம். மனதின் பாரமெல்லாம் உள்ளங்கால் வழியாக இறங்கிவிடுமாம். மண் தாயின் உடம்பாம். அவள் வயிற்றிலிருந்து வந்தவர்கள் திரும்பவும் அந்த வயிற்றுக்குள்ளேயே போகவேண்டுமாம்.

முதலில் எனக்கு ஹெலன் மேல்தான் எரிச்சல். சேற்றுக் காலோடு நிற்கும் அவள் சொன்னால் இவருக்கு வேதவாக்கு. வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகனிடம் போவோம் என்று நான் கூப்பிட்டால் முழங்கால் வலி. வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று என் அம்மா சொன்னபோது, திசையில் என்ன இருக்கிறது என்று சிரித்த மனுஷன் இவர். என் ஐயா கள்ளுக் குடிக்க முன் விரலால் ஒரு சொட்டை நிலத்தில் தெறித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அதை இவர் குடிகாரர் பழக்கம் என்றார். வெள்ளைக்காரி செய்தால் மட்டும் அது வழிபாடாகிவிடுகிறது. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த எரிச்சல் ஹெலனை விட்டு மண்ணின் மேல் திரும்பியது போன இலையுதிர் காலத்தில். வெங்காயப் பாத்தியைக் கொத்திக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்கிற குரலில் இவர் சொன்னார்:

“இஞ்சரும், நான் செத்தா எரிக்க வேண்டாம். ஹெலன்ர மனுசனைப் புதைச்ச காடு ஒண்டு இருக்கு. பெட்டியும் இல்லை, கல்லும் இல்லை. துணியில சுத்திப் புதைச்சிட்டு மேல ஒரு மரம் நடுவினம்.”

“எங்கட ஆக்கள் குழந்தைப்பிள்ளையளையும் சாமிமாரையும்தான் புதைக்கிறது. நீங்கள் இதில எது?”

“ரெண்டும் எண்டு வையுமன்,” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப கீரிமலை?”

“கீரிமலைக்கு என்னைத் தெரியாது. இந்த மண்ணுக்குத் தெரியும்.”

ஊரில், கீரிமலைக் கடலில்தான் எங்கள் இரண்டு வீட்டுப் பெற்றோரின் சாம்பலும் கரைந்தது. எங்கள் வீட்டு வளவும் அங்கே பக்கத்தில்தான் இருந்தது. நீண்ட காலம் இராணுவ முகாமுக்குள் கிடந்தது. திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் இவரைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். நான் தனியாகப் போனேன். வீடும் இல்லை, வேலியும் இல்லை, கிணறு இருந்த அடையாளமும் இல்லை. எங்கள் வளவு எங்கே முடிகிறது, அடுத்த வளவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வெயிலில் நின்றுவிட்டு வந்தேன். வந்து அதை அப்படியே சொன்னேன். மறுநாள் இவர் அலொட்மென்ட்டுக்குப் போய் இருட்டும்வரை கொத்தினார்.

பெருமாள் கோயிலில் சுவாமிக்கு இரண்டு பக்கமும் இரண்டு தேவிமார் நிற்பார்கள். ஒருத்தி இலட்சுமி, மற்றவள் பூமாதேவி. சின்ன வயதில் இருவருக்கும் ஒரே மாதிரிப் பூப் போட்டுக் கும்பிட்டவள் நான். பூமாதேவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இலட்சுமி எப்படித்தான் அந்தச் சிரித்த முகத்தோடு நிற்கிறாள் என்று இப்போது யோசிக்கிறேன். என்னால் முடியாது.

ஒருநாள் இவருக்குத் தெரியாமல் ஹெலனிடம் போனேன். என் கணவரை நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். சண்டைக்குத்தான் போனேன். அவளோ, நானும் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று நினைத்து, சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். கழற்றமாட்டேன் என்றதும் வாங்குப் பலகையில் இருத்திப் பேசினாள். எங்களைப் பார்த்தால் தனக்குப் பொறாமையாக இருக்கிறதாம். தன் முன்னோர் மண்ணை என்ன சொல்லிக் கும்பிட்டார்கள் என்று இப்போது ஒருவருக்கும் தெரியாதாம். புத்தகத்தைப் பார்த்தும் ஊகித்தும் தாங்களாகவே கட்டிக்கொண்ட சடங்குகள்தானாம். “உங்களுக்கு எல்லாம் அறுபடாமல் வந்திருக்கிறது,” என்றாள்.

வெள்ளைக்காரி ஒருத்தி என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள்! பொய் சொல்வானேன், நெஞ்சு குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சியில் அவள் புருஷனைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு மேல் வளரும் பேர்ச் மரத்தின் படத்தைக் காட்டினாள். பக்கத்தில் வெறும் புல்தரை. அது தனக்கு என்றாள், பேருந்தில் இடம் பிடித்து வைத்தவள்போல. தன் புருஷன் எங்கே கிடக்கிறான், தான் எங்கே கிடக்கப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். இரண்டும் ஒரே இடம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்தப் புல்தரைதான் கண்ணுக்குள் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மகன் டூட்டிங்கிலிருந்து வந்தான். தகப்பன் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்துச் சொன்னேன்.

“அப்பா கேட்ட மாதிரி அவரைப் புதைச்சுவிடு. என்னை எரி. சாம்பலில பாதியைக் கீரிமலையில கொண்டுபோய்க் கரை.”

“அப்ப மற்றப் பாதி?”

“அப்பாவின்ர மரத்துக்குக் கீழ போடு.”

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். “ஏனம்மா ஹாஃப் ஹாஃப்? ஒரு இடத்தில முழுசா இருக்கலாமே?”

“அங்க என்ர ஐயாவும் அம்மாவும் கிடக்கினம். போகாமல் இருக்க ஏலாது. அதுக்காக, உன்ர அப்பாவை இஞ்ச அந்தப் பூமாதேவியோட தனிய விடவும் ஏலாது.”