குழலைக் குடைவதற்கு முன்

சீனி முகம்மது பாயான் பாரு நகரத்தில் மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர். ஞாயிறு காலையில் மட்டும் கடையை மனைவி ஹமீதாவிடம் விட்டுவிட்டு, துப்பாக்கிக் கழகத்தில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடப் போவார். மாநிலக் குழுத் தேர்வு நெருங்கிய நேரம் பார்த்துத் தட்டுகள் வரிசையாகத் தப்பின. வயது அறுபதைத் தொடுகிறது. இந்த முறை விட்டால் அடுத்தது இல்லை என்று அவருக்கே தெரியும்.

யுகேந்திரன் ஒரு வழி சொன்னான். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்பவன். உலோகத் துளைகளை இழைத்து மெருகேற்றும் எந்திரம் அவன் பொறுப்பு. எந்தத் துளையைக் கண்டாலும் இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே என்று கை துருதுருக்கும். அவனும் உரிமம் வைத்துச் சுடுபவன்தான். அனுமதி வாங்கித் தன் துப்பாக்கிக் குழலை உள்ளே அகலப்படுத்தியிருந்தான். தோளில் உதை குறையும், குண்டு ரவை சீராகப் பரவும் என்பது அவன் கட்சி. சீனி முகம்மதுவும் அனுமதி வாங்கி, பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறையில் குழலைக் குடையத் திங்கட்கிழமைக்கு நேரமும் குறித்துவிட்டார்.

நான்தான் வேண்டாம் என்றேன். வேலை அனுமதியில் இங்கே இருப்பவன் நான்; ஞாயிறுகளில் அவர்களோடு வேடிக்கை பார்க்கப் போனாலும், துப்பாக்கி இருக்கிற காரில் ஏறவே பயம். ஆனால் இது வேறு பயம். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. குழல் அளவுக்கு மீறி மெலிந்தால் அந்தத் துப்பாக்கியோடு அவர் ஆட்டமும் முடிந்தது. இன்னொன்றுக்கு உரிமம் லேசில் கிடைக்காது. முதலில் இருவர் துப்பாக்கியையும் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

ஞாயிறன்று பெரிய காகிதங்களைத் தொங்கவிட்டு, ஒரே தூரத்திலிருந்து, ஒரே வகைத் தோட்டாவால் இருவரும் சுட்டார்கள். வட்டத்துக்குள் விழுந்த ஓட்டைகளில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. யுகேந்திரன் முகம் தொங்கிப்போனது.

"காகிதம் கிடக்கட்டும் லா. உதை கம்மியா இல்லையா, அத சொல்லு," என்றார் சீனி முகம்மது.

கொஞ்சம் கம்மிதான் என்று அவன் ஒப்புக்கொண்டான். அவர் உதையையே கேட்டது அவனை உறுத்தியிருக்க வேண்டும். அவரைத் தட்டு சுடச் சொல்லி, பக்கத்தில் நின்று தோட்டா போட்டுக் கொடுத்தான். இடையில் ஒன்று, அவருக்குத் தெரியாமல், மருந்தில்லாத பயிற்சித் தோட்டா.

தட்டு பறந்தது. விசை டிக்கென்றது. வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே குனிந்தது.



"வெடிக்காத தோட்டாவுக்கே குனியுதேண்ணே," என்றான் யுகேந்திரன், மெதுவாக.

அவர் துப்பாக்கியை மடித்துத் திறந்து, உள்ளே இருந்ததைப் பார்த்தார். முகம் கறுத்தது. அடிக்க வருவார் என்றே நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்கேயே ஒரு நாள், என் பக்கத்துல நின்னு சுட்டவன் துப்பாக்கிக் குழல் வெடிச்சுச்சுல்ல தம்பி. அதுலேர்ந்து விசையத் தொட்டா உடம்பு தானா ஒதுங்குது. ஹமீதாகிட்டகூட சொல்லல."

குழல் வெடித்துவிடும் என்று பயந்தவர், குழலை மெலிய வைக்கக் கிளம்பியிருந்தார். இதை நான் சொல்லவில்லை. அவரே பட்டறைக்குப் போன் போட்டு, வரவில்லை என்றார்.

தேர்வு வரை கழகம் திறந்த நாளெல்லாம் யுகேந்திரன் வெற்றுத் தோட்டாக்களைக் கலந்து கொடுத்தான். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று தெரியாமல் அவர் வியர்த்து வியர்த்துச் சுட்டார்.

தேர்வில் மாற்று ஆட்டக்காரராகத்தான் அவர் பெயர் வந்தது. கடைக்குத் திரும்பியதும் ஹமீதா என்ன ஆச்சு என்று கேட்டார்.

"சேத்துக்கிட்டாங்க, கடைசி ஆளா," என்றவர் கரண்டியை வாங்கிக்கொண்டார். "குழல் குனியல."