கைதூக்கி நின்ற காலை

தங்கச் சுரங்கத்தில் கல் சரிந்து என் தம்பி செத்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மேஸ்திரி வந்து, கம்பெனி கொடுத்த மூங்கில் தட்டி வீட்டைக் காலி செய்யும்படி அவன் பெண்சாதியிடம் சொன்னான். வேலைக்கு இறங்க ஆள் இருந்தால்தான் வீடாம். அவள் மடியில் பால்குடி மறக்காத பிள்ளை, போக ஒரு போக்கிடம் இல்லை. என் வீட்டில் சேர்த்தால் எனக்கும் வீடு போகும். ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம்தான் என்பது அவர்கள் சட்டம்.

அவளுக்கு ஒரு வருஷமாவது வீட்டை விட்டுவைக்கச் சொல்லிக் கேட்க, காலை ஷிப்டுக்கு இறங்காமல் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தோம். சம்மட்டி, கடப்பாரை எதுவும் கொண்டுவரக் கூடாதென்று லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவந்தவன் நான். அப்படி ஒரு பெரிய மனுஷத்தனம் எனக்கு.

வெயில் ஏறும்போது சர்க்கார் போலீஸ் வந்தது.

"இப்போ இன்னா பண்றதுண்ணே?" என்றான் என்னோடு பாறை துளைக்கிறவன்.

ஷிப்டு முடிந்து மேலே வந்ததும், தங்கம் ஒளித்திருக்கிறோமா என்று காவலாளி தடவிப் பார்ப்பான். இரண்டு கையையும் தூக்கி, வாயைத் திறந்து நிற்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடுவான். அந்தப் பழக்கத்தில் சொன்னேன்.

"எழுந்து நின்னு கையத் தூக்குங்க. நம்மகிட்ட ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா பூடுவாங்க."

எல்லோரும் எழுந்து கையைத் தூக்கினார்கள். சிலர் வாயைக்கூடத் திறந்தார்கள். கூட்டம் மொத்தமாக எழுந்ததைப் பார்த்ததும் அதிகாரி கையசைத்தான். தடிகள் திறந்து கிடந்த விலாக்களில் விழுந்தன. அடி விழும்போதும் நாலைந்து பேர் கையை இறக்கவில்லை. காவலாளி போகச் சொல்லாமல் இறக்கினால் குற்றம் என்று அத்தனை பேருக்கும் ஊறிப்போயிருந்தது. என்னைக் கேட்டவனும் அப்படியே நின்று வாங்கினான். மூன்றாம் நாள் செத்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காலி செய்ய வேண்டிய வீடு இப்போது இரண்டாயிற்று.

"எனக்காக இன்னொருத்தர் சாவ வாணாம் மாமா" என்று சொல்லிவிட்டு, என் தம்பி பெண்சாதி பிள்ளையோடு பங்காருபேட்டைப் பக்கம் நடந்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்து எங்கே வைப்பேன்?

திங்கட்கிழமை நான் ஷிப்டுக்குப் போனேன். தம்பி வீட்டுக்குக் குடிவந்த புது ஆளும் சுரங்கத்துக்குள் இறக்கும் அதே கூண்டில் ஏறினான்.

"வீடு நல்லாகீதுங்க. தட்டிகூட புதுசு" என்றான்.

"போன மாசம் கட்டினது" என்றேன்.