சுடும் இடத்தில் ‘ங்க’ கிடையாது

1. போதுங்க

கம்போடியாவில் துப்பாக்கி சுடும் மைதானத்தில் எனக்கு அது முதல் நாள். ஈரோட்டிலிருந்து சுற்றுலா வந்த ஒருவர் ஏ.கே. துப்பாக்கியால் இரண்டு குண்டு சுட்டிருந்தார். தோள் வலிப்பது முகத்திலேயே தெரிந்தது. பின்னால் நின்ற நான் “போதுங்க” என்றேன். காதை மூடியிருந்த உறை வழியாக அவருக்கு அது “போடுங்க” என்று கேட்டிருக்கிறது. மீதி இருந்ததையெல்லாம் சுட்டுத் தீர்த்துவிட்டார். கடைசிக் குண்டு கூரைத் தகரத்தைத் துளைத்துக்கொண்டு போனது.

“நீங்கதானுங்களே போடச் சொன்னீங்க?” என்று வெளியே வந்து என்னிடமே கேட்டார்.

நான் ஏற்காட்டுக்காரன். ஐந்தாவது வரை படித்துவிட்டு, செம்மநத்தம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தும் மிளகுக் கொடி கட்டியும் பிழைத்தேன். நாற்பது வயதுக்கு மேல் கம்போடியாவில் ஒரு தமிழர் ஓட்டலுக்குச் சமையல் உதவிக்குப் போனேன். அங்கே சாப்பிட வரும் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு, பட்டாளத்துத் துப்பாக்கியை ஒரு தடவையாவது சுட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. மைதானத்தில் யாருக்கும் தமிழ் தெரியாததால் பகலில் மொழிபெயர்க்க என்னை அங்கே அனுப்பிவைத்தார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஆளை ஏன் அனுப்பினார்கள் என்றால், சமையல்கட்டில் வேறு ஆள் மிச்சமில்லை. அவ்வளவுதான்.

2. சொக் கையால் அளந்தது

மைதானத்தில் சுடக் கற்றுக்கொடுப்பவர் பெயர் சொக். பழைய சிப்பாய். தகரம் ஓட்டையான அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, “யுவர் வேர்டு” என்று இரண்டு கையையும் அகல விரித்தார். “மை வேர்டு” என்று ஒரு விரல்கடை காட்டினார்.

அவர் சொன்னது சரிதான். “ஏனுங்க, கொஞ்சம் நிறுத்திக்கறீங்களா” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தத் துப்பாக்கி காலியாகிவிடும். அதனால் மூன்றே சொற்கள் என்று முடிவு செய்தோம். சுடு. நிறுத்து. திரும்பாதே. மூன்றிலும் திரும்பாதே முக்கியம். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், கெட்டுப்போனது என்று நினைத்து அப்படியே பின்னால் திரும்பிவிடுவார்கள். உள்ளே இருக்கும் குண்டு கொஞ்ச நேரம் கழித்தும் வெடிக்கும்.

முன்பின் தெரியாதவர்களை ஒருமையில் அதட்ட எனக்குச் சுலபத்தில் வரவில்லை. வாய் பழகிய பிறகு பல பேர் முறைத்தார்கள். சேலத்து அம்மா ஒருவர், “ஏனுங்க, நாங்க என்ன உங்க ஊட்டு எருமையா, இப்படி அதட்டறீங்க?” என்றார். சொக்குக்கு அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

3. முதலாளி வந்தார்

ஒரு நாள் எங்கள் எஸ்டேட் முதலாளியே சம்சாரத்தோடு கம்போடியாவுக்குச் சுற்றுலா வந்தார். என் மனைவி செல்வி அப்போதும் அவர் எஸ்டேட்டில்தான் வேலை பார்த்தாள். நாங்கள் குடியிருந்ததும் அவர் கொடுத்த தொழிலாளர் லைன் வீட்டில்தான். அவர் எதிரே நான் நிமிர்ந்து நின்றதில்லை.

“ஏப்பா பெருமாளு, குண்டாவ விட்டுட்டுக் குண்டு புடிச்சுட்டியா?” என்று சிரித்தார்.

“ஆமாங்கய்யா” என்றேன்.

சுடு, நிறுத்து இரண்டையும் அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை. “சுடலாமுங்கய்யா” என்றுதான் சொன்னேன். அவரும் நன்றாகவே சுட்டார். பின்னால் முதலாளியம்மா செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை விசையை இழுத்தபோது வெடிக்கவில்லை. சொக் அந்த நேரம் பார்த்து மேசைப் பக்கம் குனிந்திருந்தார்.

“என்னப்பா இது, உம்முன்னு இருக்குது?” என்று முதலாளி திரும்ப ஆரம்பித்தார். விரல் விசையில்தான் இருந்தது. துப்பாக்கி முனை அம்மா நின்ற பக்கம் வந்துகொண்டிருந்தது.

“ஐயா, கொஞ்சம்...” என்று தொடங்கினேன். அது நீளம் என்று தெரிந்துவிட்டது.

“திரும்பாதடா!”

அப்படியே நின்றார். முனை இன்னும் ஒரு முழம் நகர்ந்திருந்தால் அம்மாவுக்கு நேராக வந்திருக்கும். சொக் பாய்ந்து வந்து முனையை முன்பக்கம் தள்ளி, துப்பாக்கியை வாங்கி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டுப் பூட்டை இழுத்தார். வெடிக்காத குண்டு தரையில் விழுந்து உருண்டது. முதலாளி நேராக வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா மட்டும் என் பக்கத்தில் வந்தார். “கல்யாணமாகி முப்பது வருசத்துல அவர யாரும் டா போட்டதில்லப்பா. எனக்கே வாய் வரல, நீ போட்டுட்ட” என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

4. செல்வியின் போன்

அன்றே செல்விக்குப் போன் செய்து, சாமானையெல்லாம் கட்டி வைக்கச் சொன்னேன். வீடு போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

“நெசமாவே டா போட்டீங்களா? எங்கிட்டயே சத்தமாப் பேச மாட்டீங்களே!” என்றாள். பிறகு, “சரி உடுங்க. மஞ்சக்குட்டையில எங்கண்ணன் ஊடு இருக்குது. அந்தம்மா உசுரோட இருக்குதில்ல” என்றாள்.

மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே, “உள்ளே போனா உங்கள மரியாதையில்லாமக் கூப்பிடுவனுங்க, மன்னிச்சுக்கோணும்” என்று சொல்லிவிடுவேன். யாரும் முறைக்கவில்லை. ஆபத்தான வேலைக்கு வரும் இளைஞர்களே, நீங்களும் இதை முதல் நாளே செய்யுங்கள். நேரம் வரும்போது மரியாதையைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. முதலாளி என்னிடம் பேசவும் இல்லை. அடுத்த மாதம் செல்வி போன் செய்தாள். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களில் கிளை கழிக்கும் வேலை தொடங்கியிருந்தது.

“மொதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி வெச்சுச் சொன்னாருங்க. கிளைய வெட்டறப்போ கீழ யாரு வந்தாலும் டா போட்டுக் கத்தோணுமாம், அவரே வந்தாலுமாம். கணக்கெழுதற ரைட்டருக்கு மூஞ்சியே செத்துப்போச்சு. நேத்து நெசமாவே மொதலாளி மரத்தடிக்கு வந்துட்டாரு. மேல இருந்த மாரிமுத்து பயந்து பயந்து ‘தள்ளுடா’ன்னான். மொதலாளி தள்ளி நின்னாரு. கிளை உழுந்துச்சு.”

“அப்புறம்?”

“மேல அண்ணாந்து பாத்து, ‘இன்னும் சத்தமா’ன்னாருங்க.”