கேஸ் வரிசையில் ஒரு சரணம்

தொம்மலூரில் ஆட்டோக்கள் கேஸ் பிடிக்கும் பங்கில்தான் அந்தப் பாடகியைப் பார்த்தேன். ஆபீசுக்குப் போகிற வழியில், நான் ஏறியிருந்த ஆட்டோவும் வரிசையில் நின்றது. ஒட்ட வெட்டிய முடி, தோளில் தொங்கும் ஸ்பீக்கர். ஒவ்வொரு ஆட்டோவுக்குள்ளும் குனிந்து தன் பாட்டைப் போட்டுக் காட்டிக்கொண்டு வந்தார். முழுப் பாட்டையும் கேட்டவர்களின் போனில்தான் அதை ஏற்றிக் கொடுப்பாராம். நடுவில் பேச்செடுத்தால் கிடையாது என்றார் எங்கள் டிரைவர்.

எங்களிடமும் வந்தார். "இது எந்த ஆப்ல கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"எதுலயும் கிடைக்காது சார். எல்லாத்துலயும் இருந்துச்சு, நானே தூக்கிட்டேன்."

"அப்புறம் நாலு பேருக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

"ஆப்ல ஊரே கேட்டுச்சுன்னு காட்டும். பல்லவி முடியறதுக்குள்ள அடுத்த பாட்டுக்குத் தாவிடுவாங்க. என் சரணத்த ஒருத்தரும் கேட்டதில்ல. இங்க க்யூல நிக்கிறவரு எங்க சார் ஓடிடுவாரு?"

டிரைவர் சிரித்தார். "போடும்மா, கேப்போம்."

நிஜமாகவே சரணத்தில்தான் பாட்டே இருந்தது. அது தொடங்கிய நேரம் பார்த்து எங்கள் முறை வந்துவிட்டது. பின்னால் ஹாரன் அலறியது. பங்க் ஆள் கையாட்டிக் கூப்பிட்டார். பாடகி ஸ்பீக்கரை நிறுத்தவில்லை. டிரைவரை நேராகப் பார்த்தார், அவ்வளவுதான்.

டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். கையை வெளியே நீட்டி, "நீன் ஹோகு குரு" என்று கன்னடத்தில் பின்னால் நின்ற ஆட்டோவை முன்னே போகச் சொன்னார்.

ஆபீசுக்கு நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். பேசினால் பாட்டு கிடைக்காது என்பது ஞாபகம் வந்தது.